இரண்டாம் தூண் வரைக்கும்

அமுதம் எங்கே போனாலும் உட்காருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வாள். நாற்காலிக்கு முதுகைக் காட்டி நிற்பாள். பிறகு சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நகர்வாள், படகு ஜெட்டியில் அணைகிற மாதிரி, இடிக்காமல். பலகையின் விளிம்பு காலில் எங்கே படுகிறது என்று கவனிப்பாள். முழங்கால் மடிப்புக்கு மேலே பட்டால் சரி. இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி, வலது காலை முன்னால் நீட்டிக்கொண்டு, மூச்சை விட்டபடி இறங்குவாள். மடிப்புக்குக் கீழே பட்டால் இறங்க மாட்டாள். "இருக்கட்டும், நிக்கிதேன்" என்று சொல்லிவிட்டு, வந்த காரியத்தை நின்றபடியே பேசி முடிப்பாள்.

போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் அவள் போகிற வீடுகளில் ஒரு நாற்காலிக்காவது கால்களுக்கு அடியில் செங்கல் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தால், "எறங்கு, அது அமுதம் பெரியம்மா நாற்காலி" என்று அதட்டல் விழும்.

மின்னி பே மேட்டில் இருந்த அந்தோணியார் கோயிலிலும் அப்படி ஒன்று இருந்தது. தகரக் கூரையும் படாக் மரத் தூண்களும் உள்ள சின்னக் கோயில். பெஞ்சுகள் கிடையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் தரையில் உட்கார்வார்கள். அமுதத்துக்கு மட்டும் பெண்கள் பக்கத்தில், சுவரோரமாக, செங்கல் மேல் ஏற்றிய நாற்காலி. பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற நேரத்தில் மணி அடித்ததும் கோயில் முழுக்க முழங்காலில் இறங்கும். அவள் ஒருத்திதான் உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் அவள் கண் பீடத்தில் இருக்காது. நடுப்பாதையில், இரண்டாம் தூணின் அடியில், சிமெண்டுத் தரையில் ஓரிடத்தில் நிற்கும். தொலைத்த எதையோ அங்கே தேடுகிறவள் மாதிரி இருக்கும்.

அவள் பிறந்தது மணப்பாட்டில். ஐம்பத்தாறில் புருஷன் அடைக்கலசாமியோடு கப்பல் ஏறி போர்ட் பிளேருக்கு வந்தவள். அடைக்கலசாமிக்கு ஒரு சின்னப் படகு. அதிகாலையில் மின்னி பேயில் அவர் கரைக்குக் கொண்டுவரும் மீனைக் கூடையில் வாங்கி, தலையில் வைத்து, மேடேறி, டெய்ரி ஃபார்ம் முக்கில் சாக்கை விரித்துக் குந்திக்கொண்டு விற்பாள். பிள்ளைகள் இல்லை. குரல் உண்டு. அவள் "சூரை, சூரை" என்று கூப்பிட்டால் அடுத்த வளைவில் நிற்கிற பஸ்ஸில் இருப்பவர்களுக்கும் கேட்கும்.

பக்கத்துச் சாக்கு புஷ்பத்தினுடையது. சிப்பிகாட் தோட்டங்களிலிருந்து முதல் பஸ்ஸில் கீரையும் கத்திரிக்காயும் கொண்டுவந்து விற்பாள். அமுதத்தைவிடப் பத்து வயது இளையவள். தீவிலேயே பிறந்து தீவிலேயே வளர்ந்தவள். அவளுடைய பாட்டனாரை வெள்ளைக்காரன் காலத்தில் விலங்கு மாட்டிக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதை அவள் மறைத்ததே இல்லை.

"எங்க தாதா சர்க்கார் செலவுல வந்தாரு அக்கா. நீங்கள்லாம் டிக்கெட் எடுத்து வந்தவங்க. யாரு பெரிய ஆளு, நீயே சொல்லு."

"ஒங்க தாத்தா செஞ்ச காரியத்தையும் சேத்துச் சொல்லுளா."

"அரே, அது யாருக்குத் தெரியும்? ஒரு மாட்டுத் தகராறுன்னு சொல்வாங்க. மாடு இப்ப எங்க? தாதா எங்க? கத்திரிக்கா எடுத்துக்கோ."

மீன் தலைக்குக் கீரை, கீரைக்கு மீன் தலை. ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போனால் மற்றவள் இரண்டு சாக்கையும் பார்த்துக்கொள்வாள். இப்படியே பல வருஷம் போயிற்று.

எழுபத்தொன்று தவக்காலத்தில் அமுதம் விழுந்தாள். கடல் வற்றியிருந்த காலை. பாசி பிடித்த கல்லில் கால் வைத்தபோது வழுக்கியது. கையை ஊன்றியிருந்தால் கையோடு போயிருக்கும். அவளோ கூடையை விடவில்லை. கூடையோடு வலது இடுப்பில் போய் விழுந்தாள். மீன் ஒன்றும் சிந்தவில்லை என்று அடைக்கலசாமி பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் வருத்தம் பாதி, பெருமை பாதி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெகநாதன் என்று ஒருவர் இருந்தார். மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்தவர், சின்ன வயசு. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கிறது என்றார். எலும்புக்குக் கழுத்து உண்டு என்பதையே அமுதம் அன்றுதான் கேள்விப்பட்டாள்.

"ஒரு ஆணி அடிச்சு ரெண்டு துண்டையும் சேத்து வைக்கப் போறோம்மா. ஆணி சேத்துப் பிடிச்சுக்கத்தான். ஒட்ட வேண்டியது எலும்பு. அதுக்கு நாளாகும்."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவள் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள். எழுந்து நடந்தால் உமது திருநாளன்று கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் முழங்காலாலேயே வருவேன். மணப்பாட்டில் அவள் அம்மா அப்படிப் போனதுண்டு, அம்மாவின் அம்மாவும் போனதுண்டு. அவளுக்கு அது பெரிய நேர்ச்சையாகத் தோன்றவில்லை. செய்து முடிக்கக்கூடியதைத்தான் நேர வேண்டும் என்பதில் அவள் கறாரானவள்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. இரண்டு கட்டைகளை அக்குளில் கொடுத்து, இடது காலால் மட்டும் நடக்கப் பழக்கினார்கள். வலது காலில் பாரம் ஏற்றவே கூடாது, அடுத்த படத்தில் எலும்பு கூடியிருப்பதைப் பார்த்து நானே சொல்கிறேன் என்றார் ஜெகநாதன். அவள் கேட்டாள். சொன்னபடியே நடந்தாள். வலி ஈஸ்டர் கழித்துக் குறைந்து, மே மாதம் மழை தொடங்கும்போது சுத்தமாகப் போயிருந்தது. வலி போனதும் எலும்பு கூடிவிட்டது என்று நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்?

ஜூன் பதின்மூன்று அந்தோணியார் திருநாள். முந்தின சாயங்காலம் அவள் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையை மடித்து வைப்பதை அடைக்கலசாமி பார்த்தார்.

"ஏளா, அடுத்த படம் இன்னும் எடுக்கல."

"தெரியும்."

"டாக்டரு பாரம் ஏத்தாதன்னு சொல்லியிருக்காரு."

"பாரம் பாதத்துலதானே ஏறும்? நான் பாதத்த ஊனவா போறேன்? முட்டியாலதானே போறேன்."

"முட்டியும் அதே கால்லதானளா இருக்கு."

"எழுந்து நடந்தா வாரேன்னு சொல்லியாச்சி. எழுந்தாச்சி. இப்ப போவாட்டி அடுத்த வருசம். அடுத்த வருசம் நான் இருப்பனோ என்னவோ. நீங்க வந்து கட்டையப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க, போதும்."

அடைக்கலசாமி கோயிலுக்குள் அதிகம் வராத மனிதர். பிரசங்க நேரம் முழுக்க வெளியே பாதாம் மரத்தடியில் பீடியோடு நிற்பார். அன்றைக்கு மட்டும் இரண்டு கட்டைகளையும் அணைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். மழை தகரத்தில் பெய்துகொண்டிருந்தது. உள்ளே பாடுகிறவர்களுக்குத் தங்கள் பாட்டே கேட்காத அளவுக்குப் பெய்தது.

அமுதம் வாசலில் இறங்கினாள். முதலில் இடது முழங்கால், பிறகு வலது. எரிகிற மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நகர ஆரம்பித்தாள். முதல் தூண் வரைக்கும் சுலபமாகவே இருந்தது. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அப்போது புதுசாக வந்த முறைப்படி, சாமியார் மக்களைப் பார்த்துப் பூசை வைப்பதற்காகப் பீடத்தைச் சுவரிலிருந்து நகர்த்தி முன்னால் போட்டிருந்தார்கள். வயசானவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அமுதத்துக்கு அன்றைக்குப் பிடித்திருந்தது. பீடம் நமக்காகக் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் தூணுக்கு நேராக வந்தபோது தொடைக்குள் ஏதோ நழுவியது. பெரிய சத்தமில்லை. இறுக்கிக் கட்டிய நங்கூரக் கயிறு ஒரு சுற்று இளகுகிற மாதிரி. அதன் பிறகுதான் வலி வந்தது. அவள் கத்தவில்லை. தூணில் சாய்ந்து, மெழுகுவர்த்தி அணையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த பெண்கள் அவள் ஜெபிக்கிறாள் என்று எண்ணி விலகி முன்னால் போனார்கள். மெழுகு உருகிக் கையில் வடிவதைப் பார்த்த பிறகுதான் அடைக்கலசாமி கட்டைகளை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தார்.

ஜெகநாதன் புதுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். எலும்பு கூடவில்லை. ஆணியின் முனை எலும்புத் தலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"என்னம்மா செஞ்சீங்க?"

அவள் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று அடைக்கலசாமி எதிர்பார்த்தார். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "எனக்குத் தோணாமப் போச்சே. நடக்காதீங்கன்னு சொன்னேன், மண்டி போடாதீங்கன்னு தனியாச் சொல்லியிருக்கணும்" என்றார்.

பிறகு விவரம் சொன்னார். மறுபடியும் அதே இடத்தில் ஆணி அடிக்க முடியாது, எலும்புத் தலை புண்ணாகிவிட்டது. பழைய ஆணியை எடுத்து, அந்தத் தலையையும் எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தண்டோடு கூடிய ஓர் உலோக உருண்டையை வைக்க வேண்டும். அது இங்கே ஆகாது. மெட்ராஸுக்குப் போக வேண்டும். விட்டுவிட்டால் கால் குட்டையாகும், ஆயுசுக்கும் கட்டில்தான். இந்த வயசில் கட்டிலில் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. போகும்போது அடைக்கலசாமியை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு ஏதோ பேசினார்.

கப்பல் பத்துப் பன்னிரண்டு நாளில் இருந்தது. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அமுதமோ போக மாட்டேன் என்றாள்.

கத்திக்குப் பயந்து அல்ல. நேர்ச்சை பாதியில் நிற்கிறது. பாதி நேர்ச்சையை வைத்துக்கொண்டு மறுபடியும் மேஜையில் போய்ப் படுக்க அவளால் முடியாது. என்னைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டாம் தூணடியில் விடுங்கள், எப்படியாவது இழுத்துக்கொண்டு போய் முடித்துவிடுகிறேன், பிறகு எந்தக் கப்பலில் வேண்டுமானாலும் ஏற்றுங்கள் என்றாள். சாமியார் ஆஸ்பத்திரிக்கே வந்து, அந்தோணியார் அதை முழுசாக ஏற்றுக்கொண்டார், கவலைப்படாதே என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அவள், "நான் நேந்தது அவருகிட்ட இல்லயே" என்றாள்.

சாயங்காலம் புஷ்பம் வந்தாள். கட்டிலின் மேல் ஒரு கட்டுப் பசலைக்கீரையைப் போட்டாள். ஆஸ்பத்திரியில் கீரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவள் யோசித்ததாகத் தெரியவில்லை.

"அக்கா, பாகல் ஆயிட்டியா நீ, பைத்தியமா? உங்க சாமி என்ன சேட்டு மாதிரியா, பாக்கி எங்க பாக்கி எங்கன்னு வாசல்ல வந்து நிக்க?"

"ஒனக்கு அது வெளங்காதுளா."

"ஏன் வெளங்காது? நாங்க முருகனுக்குக் காவடி எடுக்கல? பாதி வழியில எறக்கி வெச்சா எனக்கும்தான் தூக்கம் வராது." கீரைக்கட்டைக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்தினாள். "எம்புட்டு தூரம் பாக்கி?"

"ரெண்டாம் தூணுலேருந்து பீடம் வரைக்கும்."

"அவ்வளவுதானா? அதுக்கா இந்தக் கூத்து? அச்சா, ஒண்ணு கேக்கறேன். இந்தக் காலோட அந்தத் தூரத்த நீ முடிச்சுடுவியா?"

அமுதம் தன் காலைப் பார்த்தாள். படுக்கையில் புரளவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

"முடியாது இல்ல? அப்ப மெட்ராஸ் போய்க் காலச் சரி பண்ணிட்டு வந்து முடி. உங்க சாமி எங்கயும் ஓடிட மாட்டாரு. கடல் தாண்டி வந்தவரு, திரும்பிப் போறதுக்கு அவருக்கும் டிக்கெட் கெடைக்கணும்."

அமுதம் சிரித்துவிட்டாள். சிரித்தபோது இடுப்பு வலித்தது. அன்றிரவு அந்தோணியாரோடு ஒரு பேச்சு முடித்துக்கொண்டாள்: பொறும், நல்ல காலோடு வந்து இதே இடத்திலிருந்து முடிக்கிறேன். முழங்கால் போடுவதற்காகத்தான் அவள் மெட்ராஸ் போகச் சம்மதித்தாள். நடப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

கப்பல் புறப்படும் நாளன்று காலையில் நாலு பேர் அவளை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஜெட்டிக்குக் கொண்டுவந்தார்கள். புஷ்பமும் வந்திருந்தாள். வழியில் சாப்பிடக் கட்டுச்சோறு கொடுத்தாள், வாந்தி வந்தால் முகர எலுமிச்சம்பழம் கொடுத்தாள், ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்களை ஹிந்தியில் திட்டினாள். ஏணியில் ஏற்றி மேல்தட்டில் வைத்ததும் அமுதம் கீழே பார்த்தாள். போகிறவர்களின் சொந்தபந்தமெல்லாம் கப்பல் நகர்கிற வரைக்கும் நின்று கையசைப்பதுதான் போர்ட் பிளேர் வழக்கம். கப்பல் திரும்பி முனையைத் தாண்டி மறையும்வரை நிற்கிறவர்களும் உண்டு. கூட்டத்தில் புஷ்பத்தைக் காணவில்லை.

"எங்க அவ?"

"சிப்பிகாட் பஸ்ஸு போயிரும்னு ஓடிட்டா" என்றார் அடைக்கலசாமி.

அமுதத்துக்குக் கொஞ்சம் மனசு சுருங்கியது. பஸ் நாளைக்கும் இருக்கும். நான் திரும்பி வருவேனோ மாட்டேனோ. எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மழைக்காலத்துக் கடல். கப்பல் ஏறி இறங்கும்போதெல்லாம் இடுப்புக்குள் ஆணி தன்னிஷ்டத்துக்கு நகர்வதை அவளால் உணர முடிந்தது. அடைக்கலசாமி சுருட்டிய போர்வையை அவள் தொடையோரம் அண்டக் கொடுத்துவிட்டு, பகலும் இரவும் அதைக் கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். படகில் நங்கூரம் அடிமண்ணில் பிடிக்காதபோது இப்படித்தான் கயிற்றைக் கையிலேயே வைத்திருப்பார்.

மெட்ராஸில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். வலி தெரியவில்லை, சத்தம் கேட்டது. தச்சர் வேலை செய்கிற மாதிரி ஒரு சத்தம். பழைய ஆணியைப் பிடுங்குவது, எலும்பைச் செதுக்குவது, புதுசைத் தட்டி இறக்குவது. கடைசியில் நாலைந்து பேர் சேர்ந்து காலை இழுத்துத் திருப்பினார்கள். 'டொக்' என்று ஒரு சத்தம். "உள்ளே போயிடுச்சு" என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு நன்றாக விளங்கியது.

சில நாளில் அவளை எழுப்பி நிற்க வைத்தார்கள். இந்தத் தடவை வலது காலையும் ஊனலாம் என்றார்கள். ஊனினாள். கால் தாங்கியது. வார்டில் மங்கையர்க்கரசி என்று ஒரு சிஸ்டர் இருந்தாள், சிடுசிடுப்பான முகம், சோறூட்டிவிடுகிற கை. அமுதம் வார்டின் கடைசிவரைக்கும் நடந்து திரும்பிய அன்றைக்கு அவள்தான் சொன்னாள்.

"நல்லா நடக்கறீங்க. இனிமே சொல்றத மட்டும் மறக்கக் கூடாது. தரையில உக்காரக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. குந்தக் கூடாது. மண்டி போடக் கூடாது. எதுல உக்காந்தாலும் முழங்கால விட இடுப்பு மேல இருக்கணும். இல்லேன்னா உருண்டை நழுவி வெளியே வந்துடும்."

"எம்புட்டு நாளைக்கி?"

"எப்பவுமேதான்."

"முட்டியே போடக் கூடாதா சிஸ்டர்? ஒரே ஒரு தடவ?"

"ஒரு தடவையா? ஏன், அதுல என்ன ஒரு தடவை?" என்று சிஸ்டர் நின்றாள். அமுதத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, "வேணாம் பாட்டிம்மா" என்றாள்.

அடைக்கலசாமி சாயங்காலம் காப்பி வாங்கிக்கொண்டு வந்தார். அவள் டம்ளரை வாங்கவில்லை.

"ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமோ?"

அவர் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். "டாக்டரு அன்னைக்கே வராந்தாவுல சொன்னாரு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா கப்பல் ஏறியிருப்பியா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே ட்ராம் ஓடிய காலத்துத் தண்டவாளம் ஒன்று தாரில் புதைந்து கிடந்தது.

"என்ன முடிக்க விடாம ஆக்கிட்டியளே."

"ஆமா. ஆக்கிட்டேன்" என்றார் அவர். "நீ எந்திச்சி நடக்கணும்னு எனக்கு. அந்தோணியாருக்கு எவ்வளவோ பேரு இருக்காவ. எனக்கு நீ ஒருத்திதான." சொல்லிவிட்டு வெட்கப்பட்டவர் மாதிரி காப்பியைத் தானே குடித்துவிட்டார். அவளுக்கு வாங்கிவந்த காப்பி என்பது பாதிக்கு மேல் குடித்த பிறகுதான் நினைவு வந்தது. மீதியை நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள்.

போர்ட் பிளேர் திரும்பியபோது மழை வெறித்திருந்தது. ஜெட்டியில் புஷ்பம் நின்றிருந்தாள். கைத்தடி மட்டும் பிடித்துக்கொண்டு அமுதம் தன் காலால் ஏணியிறங்குவதைப் பார்த்து, "அரே வா! இன்ஜின் மாத்தி வந்துட்டியே அக்கா!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினாள். அமுதம் மருந்துத் துணியில் சுற்றி வைத்திருந்த பழைய ஆணியை எடுத்துக் காட்டினாள். புஷ்பம் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுலயா இத்தன நாளா தொங்கிட்டு இருந்தே? எங்க வூட்ல காலண்டர் மாட்டக்கூட இத விடப் பெரிசு அடிச்சிருக்கோம்."

முக்கில் குந்தி உட்கார்ந்து விற்க இனி வழியில்லை. தேயிலை வந்த ஒரு மரப்பெட்டியைப் புஷ்பமே எங்கிருந்தோ பிடித்து, இரண்டு கல்லின் மேல் ஏற்றி வைத்திருந்தாள். அமுதம் பின்னால் நகர்ந்து, விளிம்பு மடிப்புக்கு மேலே படுகிறதா என்று பார்த்து உட்கார்ந்தாள். முதல் தடவையாக அவள் தலை புஷ்பத்தின் தலையைவிட ஒரு முழம் மேலே இருந்தது. மீன் வாங்க வந்த வங்காளிப் பெண்கள் சிரித்தார்கள்.

"பாத்தியா, ராணியம்மா மேல, பிரஜை கீழ" என்றாள் புஷ்பம். "தாதா காலத்துலேருந்து எங்களுக்கு இதே தலையெழுத்து."

அப்படித்தான் வியாபாரம் மறுபடி தொடங்கியது. அவள் குந்தி மீன் அறுக்க முடியாததால், பெட்டிக்கு முன்னால் ஒரு உயரமான கட்டை வந்தது. கேட்டவர்களுக்கு நின்றபடியே துண்டு போட்டாள். குரல் குறையவில்லை. சிப்பிகாட் பஸ்ஸில் இருப்பவர்களுக்கு இப்போதும் கேட்டது.

நேர்ச்சை மட்டும் அப்படியே இருந்தது. சாமியாரிடம் மறுபடியும் கேட்டாள். முழங்காலால் முடியாவிட்டால் வேறு நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம், திருச்சபையில் அதற்கு இடமுண்டு என்றார். ஒவ்வொரு திருநாளுக்கும் பத்துப் பேருக்குச் சோறு போட்டாள். வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள். அவளுக்கு அது சோறு போட்டதாகத்தான் தோன்றியது, பாதித் தூரம் போனதாகத் தோன்றவில்லை. ஒருமுறை கைத்தடியோடு இரண்டாம் தூணிலிருந்து பீடம் வரைக்கும் நடந்தும் பார்த்தாள். எட்டிப்பிடிக்கிற தூரம். நடந்தபோது அது இன்னும் சின்னதாக இருந்தது. அதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

"இன்னுமா அதையே நெனச்சிட்டு இருக்கே?" என்று புஷ்பம் கேட்பாள்.

"நெனக்கல. அங்க கண்ணு போவுது, அவ்வளவுதான்."

"போனா போகட்டும் விடு. எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்பாள் புஷ்பம். பிறகு கீரைக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்துவிடுவாள். அதற்கு மேல் அந்தப் பேச்சைத் தொடர மாட்டாள். மற்ற எல்லாவற்றிலும் கேட்காமலே கருத்துச் சொல்கிறவள் இதில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறாள் என்று அமுதம் யோசித்ததில்லை. ஒருவேளை அலுத்திருக்கும் என்று நினைத்திருப்பாள்.

உலோக உருண்டை கடைசிவரைக்கும் இடம் மாறவில்லை. எழுபத்தெட்டு மழையில் வந்த காய்ச்சலில் அவள் போனாள். படுத்தது நாலைந்து நாள்தான். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகூடத் தன் காலால் மேடேறிப் பூசைக்குப் போய், பின்னால் நகர்ந்து, விளிம்பு படுவதைப் பார்த்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் முழங்காலில் இருந்தபோது அவள் கண் அதே இடத்தில்தான் இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை மிக்கேல், நாற்காலிக்கு அடியிலிருந்த செங்கற்களை எடுத்துக்கொண்டே அடைக்கலசாமியிடம் ஒரு விஷயம் சொன்னார். இனிச் சொல்வதில் தப்பில்லை என்று நினைத்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் சொல்லாததற்குக் காரணம், ஒரு பொம்பளை அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நேர்ந்தவளுக்குத் தெரிந்தால் அடுத்த ஆள் செய்தது செல்லாது என்று அந்தப் பொம்பளைக்கு ஒரு நம்பிக்கை. சாமியார் காதுக்குப் போனால் என்னாகும் என்று மிக்கேலுக்கும் ஒரு பயம்.

எழுபத்தொன்றில், அமுதத்தை மெட்ராஸுக்கு ஏற்றிய கப்பல் புறப்பட்ட அன்று காலையில், அவர் கோயிலைப் பூட்டப்போகிற நேரத்துக்குப் புஷ்பம் மூச்சிரைக்க மேடேறி வந்தாள். இரண்டாம் தூண் எது என்று கேட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் அடியில் முழங்காலிட்டாள். கப்பல் ஊதுவது கேட்டதும், "ஜல்தி, ஜல்தி" என்று தனக்குத்தானே சொல்லியபடி பீடம் வரைக்கும் நகர்ந்து போனாள். அங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. முன்னால் இழுத்துப் போட்டிருந்த அந்தப் பீடத்தை முழங்காலாலேயே மூன்று முறை வலம் வந்துவிட்டு எழுந்தாள்.